போர்த்துகலில் கணவனும் மனைவியுமாகப் பதினைந்து நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் செப்டம்பர் கடைசியில் கிளம்பி அக்டோபர் நடுவில் திரும்பினோம். அவருக்கு வயது 61, எனக்கு 56. எந்த நிறுவனத்தின் சுற்றுலாக் குழுவிலும் சேரவில்லை. ரயிலிலும் பஸ்ஸிலுமாக நாங்களே போய்வந்தோம். அதிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் மாறி மாறி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பாரிஸ், சுவிஸ் எல்லாம் இருக்க, ஏன் போர்த்துகல்?

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் தெருவில் மச்சாது, கோமஸ், பர்னாந்து என்று குடும்பப் பெயர்கள் உண்டு. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி மதம் மாறியபோது வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. அந்தப் பெயர்கள் புறப்பட்ட ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. லிஸ்பனில் முதல் நாள் காலையில் ஒரு கடைப் பலகையில் 'மச்சாது' என்று படித்ததும் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

அவருக்குக் காரணம் வேறு. பழைய கட்டடங்கள் என்றால் அவருக்கு உயிர்; எனக்குக் கடல். இரண்டும் ஒரே பயணத்தில், அதுவும் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவுக்குள் கிடைக்கிற நாடு அது.

எந்தெந்த ஊர், எத்தனை இரவு?

லிஸ்பன் 4, ஓபிடுஷ் 1, நசரே 3, கோயிம்ப்ரா 1, அவெய்ரோ 2, போர்ட்டோ 3. மொத்தம் 14 இரவு. தெற்கே லிஸ்பனில் இறங்கி, கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறி, போர்ட்டோவிலிருந்தே திரும்ப விமானம் பிடித்தோம். வந்த வழியே மறுபடி லிஸ்பனுக்குப் போனால் ஒரு நாள் வீணாகும்.

பலரும் எல்லா இரவையும் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் போட்டுக்கொண்டு, கடலோர ஊர்களுக்குப் பகலில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லிஸ்பனில் கண்ணைப் பறிக்கிற மடாலயமும் கோபுரமும் கப்பலோட்டிச் சேர்த்த பணத்தில் எழுந்தவை. கப்பலில் போனவர்களும் வலை இழுத்தவர்களும் உப்பு வாரியவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது கடலோர ஊரில்தான் தெரியும். அதுவும் பகல் கூட்டம் போன பிறகு, சாயங்காலத்திலும் விடியற்காலையிலும்தான் தெரியும். அதனால் கிராமத்தில் இரவு தங்குங்கள்.

விசா, விமானம் பற்றி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் என்றாலும் அவ்வளவு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாடு திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். திருமணச் சான்றிதழையும் கூட வைத்தோம். ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை 2025 அக்டோபரில் தொடங்கியது. வரிசை நீளலாம். இறங்கிய அன்று மாலைக்கு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

சென்னையிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, பிராங்க்பர்ட் என்று எங்காவது மாற வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டமும் விலையும் ஏறிக்கிடக்கும். ஜூனில் போனால் லிஸ்பனில் 12ஆம் தேதி இரவு அந்தோணியார் திருவிழா, போர்ட்டோவில் 23ஆம் தேதி இரவு அருளப்பர் திருவிழா. தெருவெங்கும் சாளை மீன் சுடுவார்கள். நவம்பருக்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும்.

லிஸ்பனில் நான்கு நாள் எதற்கு? இரண்டு போதாதா?

லிஸ்பன் இரண்டு ஊர். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலையில் மக்கள் கோயிலில் இருந்தபோது பூமி அதிர்ந்தது. பின்னாலேயே கடல் ஏறி வந்தது, அப்புறம் நாள்கணக்கில் தீ. சுனாமியை 2004இல் பார்த்த கரையிலிருந்து போகிற நமக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். அழிந்த கீழ்ப்பகுதியை அமைச்சர் பொம்பால் நேர்நேர் தெருக்களாகப் புதிதாகக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் கூண்டு போலக் கோத்தார்கள், நில அதிர்ச்சியில் கட்டடம் வளைந்து கொடுப்பதற்காக. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே மேட்டில் அல்ஃபாமா, அதிர்ச்சியைப் பெருமளவு தாங்கிநின்ற பழைய பகுதி. சந்துகளும் படிகளும் துணி காயும் ஜன்னல்களும். ஒரு பகுதிக்கு ஒரு நாளாவது கொடுங்கள். கூரை இடிந்த கார்மு மடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வளைவுகளுக்கு மேல் வெறும் வானம். என் கணவர் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நானும் அவரைக் கிளப்பவில்லை.

மூன்றாம் நாள் லிஸ்பனின் ஆற்றோரப் பகுதியான பெலேம். நான்காம் நாள் சிந்த்ரா. ரோசியு நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம். பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட் உண்டு, முன்பே எடுத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்தில் அரண்மனையை என்னால் ரசிக்க முடியவில்லை. அங்கிருந்து பஸ்ஸில் போன ரோகா முனையை ரசித்தேன். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அது. காற்று ஆளைத் தள்ளும்.

வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்தீர்களா? எப்படி இருந்தது?

பெலேமில் ஜெரோனிமுஸ் மடாலயக் கோயிலில் நுழைந்ததும் இருக்கிறது. 1501இல் மன்னர் மனுவேல் தொடங்கிய கட்டடம் அது. கல்லில் கயிறும் கடற்பாசியும் பவளமும் செதுக்கியிருக்கிறார்கள். பவளத்தைப் பார்த்ததும் எங்கள் மன்னார் வளைகுடா நினைவுக்கு வந்தது. காமா 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் அங்கேயே புதைத்து, 1539இல் போர்த்துகலுக்குக் கொண்டுவந்து, 1880இல்தான் இந்தக் கோயிலில் வைத்தார்கள்.

அங்கே நின்றபோது மனம் கனத்தது. இரண்டாம் பயணத்தில், 1502இல், மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு எரித்தவர் இவர். அதைப் பற்றிக் கல்லறையில் ஒரு சொல்லும் இல்லை. அழகான கல்லறை. அந்த அழகை நான் மறுக்கவில்லை, ஆனால் கப்பலில் இருந்தவர்களையும் நினைத்துத்தான் வெளியே வந்தேன். நீங்களும் தெரிந்துகொண்டே போங்கள்.

இதே லிஸ்பனில்தான் 1554இல் முதன்முதலாகத் தமிழ் அச்சேறியது, ரோமன் எழுத்தில், போர்த்துகீசியத்தோடு சேர்த்து, 'கார்த்திலா' என்ற ஜெப நூலாக. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 24 ஆண்டு கழித்து 1578இல் கொல்லத்தில் வந்தது. அதை உருவாக்கிய அண்ட்ரிக் அடிகளார் போர்த்துகலின் வில்லா விசோசாவில் பிறந்தவர், புன்னைக்காயலில் இறந்தவர். ஒரே கப்பல் வழி. அதில் பீரங்கியும் வந்தது, அச்சும் வந்தது.

ஓபிடுஷ் எப்படி?

கோட்டை மதிலுக்குள் ஒரு குட்டி ஊர். 1282இல் மன்னர் தினிஷ் தன் மனைவி இசபெலுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த ஊர் என்பதால் கணவனும் மனைவியுமாக வருகிறவர்கள் அதிகம். பகலில் நெரிசல்; சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊர் நமக்கே. மதில்மேல் நடக்கலாம், ஆனால் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தலை சுற்றுகிறவர்கள் ஏற வேண்டாம்.

நசரேயைப் பற்றித்தான் எல்லோரிடமும் பேசுகிறீர்களாமே? அங்கே என்ன இருக்கிறது?

கருவாடு இருக்கிறது!

கடற்கரை மணலில் மரச்சட்டங்களில் வலை அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பெண்கள் மீனைக் கீறி, விரித்து, உப்புநீரில் போட்டெடுத்து, அந்த வலையில் வரிசையாகப் பரப்புகிறார்கள். சாளை, பாறை இனத்து மீன், பேய்க்கணவாய்கூட உண்டு. ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு விற்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஆச்சி திரேஸ்புரத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். விற்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை போர்த்துகீசியம் பேசத் தெரியவில்லை எனக்கு. மீனை எடுத்து முகர்ந்து, வாலை ஒடித்துப் பார்த்து, காய்ந்தது போதாது என்று தலையசைத்தேன். அவர் சிரித்துவிட்டுக் கீழ் வரிசையிலிருந்து நன்றாகக் காய்ந்ததை எடுத்துக் கொடுத்தார்.

வயதான பெண்கள் சிலர் இன்னும் ஏழு பாவாடை உடுத்துகிறார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கால்வரை. ஏன் ஏழு என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: வாரத்தின் ஏழு நாள், ஏழாம் அலை. எனக்குச் சரியென்று பட்ட காரணம் குளிர்தான். படகு கரைசேரும்வரை ஈரக்காற்றில் மணலில் காத்துக்கிடந்தவர்கள் அவர்கள். அப்போது துறைமுகம் கிடையாது; படகுகள் அலையைக் கிழித்து நேராக மணலில் ஏற வேண்டும். கரையில் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு கவிழ்ந்ததும் உண்டு. 1980களில் துறைமுகம் வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

அப்புறம், எங்கள் பக்கத்துக் கரைவலையேதான் அங்கே 'ஷாவெகா'. படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பார்கள். முன்பு காளை பூட்டியும் இழுத்திருக்கிறார்கள். இப்போது கோடையில் ஊர்க்காரர்கள் பார்வையாளர்களுக்காகச் செய்துகாட்டுகிறார்கள். நாங்கள் போனபோது அது முடிந்துவிட்டது.

அந்தப் பெரிய அலையைப் பார்த்தீர்களா?

பார்த்த அலை பெரிதுதான், ஆனால் உலகச் செய்தியில் வருகிற அளவு இல்லை. அதற்கு அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை வந்து, கடல் கொந்தளிக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். 2011இல் காரெட் மெக்நமாரா இங்கே சுமார் 24 மீட்டர் அலையில் சறுக்கியதிலிருந்துதான் ஊர் உலகப் புகழ் பெற்றது. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர், கின்னஸ் பதிவு. எட்டு மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, ஆழத்தில் சுமார் 5,000 மீட்டர்வரை இறங்கும் பள்ளத்தாக்கின் வாய் இந்த ஊருக்கு முன்னால் கரையை ஒட்டித் திறக்கிறது. ஆழத்தின் வழியே வரும் அலை வேகம் குறையாமல் வருகிறது. பக்கத்து ஆழமில்லாத பகுதியில் வரும் அலை மெதுவாகிறது. இரண்டும் அங்கே பாறைமேல் நிற்கும் கோட்டைக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. வடக்குக் கடற்கரையில் இப்படி. கோட்டைப் பாறைக்குத் தெற்கே ஊர்க் கடற்கரை எவ்வளவோ அமைதி. ஆனாலும் சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள். செப்டம்பரிலும் தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர்.

மேட்டு ஊரான சீத்தியுவுக்கு 1889 முதல் ஓடும் இழுவை ரயில் உண்டு. சூரியன் இறங்கும் நேரத்தில் மேலே இருங்கள்.

கோயிம்ப்ராவுக்கு ஒரு இரவு போதுமா?

போதும். 1290இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1537இல் நிரந்தரமாக இங்கே வந்தது. அதன் 18ஆம் நூற்றாண்டு நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளை இரவில் தின்று தீர்ப்பதால் அவற்றை விரட்டுவதில்லை. எச்சம் விழாமலிருக்க ராத்திரியில் மேசைகளைத் தோல் விரிப்பால் மூடிவிடுகிறார்கள். உள்ளே சில நிமிடங்கள்தான் விடுவார்கள். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், தவறவிடாதீர்கள்.

அவெய்ரோவை 'போர்த்துகலின் வெனிஸ்' என்கிறார்களே?

அந்தப் பெயரை மறந்துவிட்டுப் போங்கள். ஊருக்கென்று தனி முகம் உண்டு. கால்வாயில் ஓடும் வண்ணப் படகுகள் முன்பு வயலுக்கு உரமாகப் போட நீர்ப்பாசி வாரிய படகுகள். ஊர் ஓரத்தில் உப்பளம்! பாத்தி கட்டும் முறை, மரப்பலகையால் உப்பை இழுத்துக் கூம்பாகக் குவிப்பது, எல்லாம் நம் ஊர் மாதிரியே. ஆனால் நமக்கு வருடத்தில் பெரும்பகுதி உப்பு விளையும். அவர்களுக்குக் கோடை மூன்று மாதம்தான். நூற்றுக்கணக்கில் இருந்த உப்பளங்களில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. வடஅட்லாண்டிக்கில் நியூஃபவுண்ட்லாந்துவரை போய் காட் மீன் பிடித்த கப்பல்கள் இந்த உப்பைத்தான் ஏற்றிப்போயின. பக்கத்து இலியாவு ஊரின் அருங்காட்சியகத்தில் அந்தக் கதை முழுவதும் இருக்கிறது. ஒற்றை ஆளாகச் சின்னப் படகில் பனிமூட்டத்துக்குள் இறக்கிவிடப்பட்ட மீனவர்கள்! என் கணவர் பேச்சற்றுப் போனார்.

பக்கத்துக் கடற்கரை ஊரான கோஷ்டா நோவாவில் பட்டை பட்டையாக வண்ணம் அடித்த மரவீடுகள் உண்டு. மீனவர்கள் வலையும் கருவியும் வைத்த குடிசைகளாக இருந்தவை. படம் எடுக்கத்தான் கூட்டம், அரை நாள் போதும்.

போர்ட்டோவில் தவறவிடக் கூடாதது?

சாவோ பெந்து ரயில் நிலையம். சுவரெல்லாம் சுமார் 20,000 நீல ஓடுகளில் நாட்டின் வரலாறு. ஜோர்ஜ் கொலாசு வரைந்தது. 1886இல் கட்டிய தோம் லூயிஸ் இரும்புப் பாலத்தின் மேல்தட்டில் நடந்து போங்கள். கீழ்த்தட்டு வழியாகத் திரும்புங்கள்.

ஆற்றின் எதிர்க்கரை வில்லா நோவா த கயாவில் ஒயின் கிடங்குகள். நாங்கள் குடிப்பதில்லை, கிடங்கை மட்டும் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் பெரிய மரப் பீப்பாயைத் தட்டி 'பீப்பா' என்றதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அங்கிருந்து ஆற்றோரமாகவே கடல் பக்கம் நடந்தால் அஃபுராதா என்ற மீனவர் குப்பம் வரும். ஊர்ப் பெண்கள் பொதுத் தொட்டியில் துணி துவைக்கிறார்கள். ஆண்கள் தெருவிலேயே அடுப்பு வைத்து மீன் சுடுகிறார்கள். போர்ட்டோவின் மூன்று நாளில் எனக்குப் பிடித்த மதியம் அது.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

நகரங்களில் ஆங்கிலம் போதும். கிராமத்தில் கையும் முகமும் பேசும். 'நன்றி' மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: ஆண் 'ஒப்ரிகாது' என்பார், பெண் 'ஒப்ரிகாதா' என்பாள். மற்றபடி உங்களுக்கே கொஞ்சம் போர்த்துகீசியம் தெரியும்: ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், அன்னாசி, ஏலம், பாதிரி. எல்லாம் அங்கிருந்து வந்த சொற்கள்.

சாப்பாடு? சைவத்துக்கு வழி உண்டா?

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சுட்ட சாளை, உப்புக்காட் மீன், மீனும் கணவாயும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு. மதியத்தில் சின்னக் கடைகளில் 'பிராத்து து தியா' என்று அன்றைய சாப்பாடு 10 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். 'டோஸ்' என்று எழுதியிருந்தால் இருவருக்குத் தாராளம். 'மெய்யா டோஸ்' ஒருவருக்கு. நாங்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் வாங்கிப் பகிர்ந்தோம். உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கிற ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டிக்குப் பணம் உண்டு. வேண்டாமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவர்களுக்கு நகரத்தில் வழி உண்டு, கிராமத்தில் கஷ்டம். கீரைச் சூப்பான 'கால்து வேர்து'வில் பன்றிக் கறித் துண்டு ஒன்று மிதக்கும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். லிஸ்பனின் மார்த்திம் மோனிஸ் பக்கம் இந்திய, வங்காளதேச, நேபாளக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே அரிசி, பருப்பு, ஊறுகாய் வாங்கி, சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இனிப்பெல்லாம் மஞ்சள்கரு. வெள்ளைக்கருவைக் கன்னியர் மடங்களில் துணிக்குக் கஞ்சி போடவும், ஒயினைத் தெளிய வைக்கவும் எடுத்துக்கொள்வார்களாம். மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்தவை இந்த இனிப்புகள். எங்கள் தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக்கருவும் முந்திரியும். இரண்டு ஊரும் சேர்ந்தால் ஒரு முட்டை.

முழங்கால் வலி உள்ளவர்கள் போகலாமா?

போகலாம், தங்குமிடத்தில் கவனம் வேண்டும். அல்ஃபாமாவில் நாங்கள் எடுத்த வீடு நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. அதற்கு முன் தெருவிலேயே எழுபது படி. விளம்பரத்தில் அதை எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி ஏறியதில் அவருக்கு இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. லிஃப்ட் உண்டா, காரை வாசல்வரை கொண்டுவரலாமா என்று கேட்டபிறகே பணம் கட்டுங்கள். நடைபாதைக் கற்கள் மழையில் வழுக்கும். ரப்பர் அடி உள்ள ஷூ போடுங்கள். 65 வயதுக்கு மேல் ரயில் கட்டணம் பாதி, வெளிநாட்டவருக்கும்தான். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஹோட்டல் கணக்கில் தலைக்கு ஓர் இரவுக்கு லிஸ்பனில் 4, போர்ட்டோவில் 3 யூரோ வரி சேரும்.

திருட்டு பயம்?

லிஸ்பனின் 28ஆம் எண் டிராமில் பர்ஸை முன்பக்கம் வையுங்கள். கூட்டம் நெருக்கினால் அடுத்த வண்டியில் ஏறுங்கள். அவசரத்துக்கு 112.

பதினைந்து நாள் இருவர் மட்டும். சண்டை வரவில்லையா?

வந்தது, மூன்றாம் நாளே. அவருக்கு ஒவ்வொரு கல்வெட்டையும் படிக்க வேண்டும், எனக்கு உட்கார வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு அறைக்குப் போய்விடலாம், அங்கே எங்கே போவது? கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவரவர் வழி என்று முடிவு செய்தோம். அவர் அருங்காட்சியகத்துக்குப் போவார், நான் கடற்கரைக்கோ சந்தைக்கோ போவேன். ஐந்து மணிக்குக் காப்பிக் கடையில் சந்திப்போம். அந்தக் காப்பி நேரத்துக்காகவே நான் காத்திருந்தேன். முப்பது வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லப் புதிதாக அவ்வளவு இருந்ததே இல்லை.

விட்டுப் போனது என்று வருத்தம் உண்டா?

வில்லா விசோசா. லிஸ்பனுக்குக் கிழக்கே, எவோரா தாண்டி, உள்நாட்டில் இருக்கிறது. எங்கள் வழி கடலோரம் என்பதால் ஒதுக்கிவிட்டோம். அண்ட்ரிக் அடிகளார் பிறந்த ஊரைப் பார்க்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது. என் கணவர் எவோராவின் ரோமானியக் கோயில் தூண்களைப் பற்றி இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த முறை அந்தப் பக்கம் நான்கு நாள். அப்புறம் நசரேயில் கரைவலை இழுக்கும் மாதத்தில் மூன்று நாள்.